கண்டோர் கூற்று இல்லாத பாலை

ஆஸ்திரேலியப் பாலைப் பயணங்களின் வரலாற்றில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு செய்தி உண்டு. 1962இல் புவியியலாளர் ரெக் ஸ்ப்ரிக் தன் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் சிம்ப்சன் பாலைவனத்தை மோட்டார் வண்டியில் முதன்முதலாகக் கடந்தார் என்பது அந்தச் செய்தி. தகவலில் பிழையில்லை. வண்டி ஒரு நிசான் பேட்ரோல். வடமேற்கே ஆண்டாடோ கால்நடைப் பண்ணையில் புறப்பட்டுக் கிழக்கே பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் போய் முடிந்த பயணம். இடையில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள். சில மேடுகள் அறுபடாமல் 200 கிலோமீட்டர் வரை நீள்பவை. வண்டித் தடம் என்று எதுவும் அன்று இல்லை. அந்த மேடுகளின் மீது நான்கு பேர் ஏறி இறங்கினார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் கடப்பவர் ஒருவர்தான். மற்ற மூவரும் 'ஓடு' என்ற உருபில் தொற்றிக்கொண்டு போகிறார்கள்.

இந்த 'ஓடு' என்னை உறுத்துகிறது. நம்முடைய பழைய இலக்கணம் இந்த உருபுக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. இருவர் சேர்ந்து ஒரு வினையைச் செய்தால், உயர்ந்தவர் பெயரோடுதான் 'ஒடு' சேர வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் கருத்து. ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்பதே அங்கே முறை. உரையாசிரியர்கள் விதிவிலக்குகளும் சொல்வதுண்டு. இன்றைய வழக்கில் விதி தலைகீழாகிவிட்டது. தலைவர் தொண்டர்களோடு வருகிறார், அமைச்சர் அதிகாரிகளோடு வருகிறார், கணவர் மனைவியோடு வருகிறார். முன்பு மரியாதையைக் காட்டிய உருபு இப்போது உடைமையைக் காட்டுகிறது. மனைவி, குழந்தை, தண்ணீர்ப் பீப்பாய், மாற்று டயர் எல்லாம் ஒரே உருபில் வண்டியில் ஏறிக்கொள்கின்றன.

பயணக் கதைகளை வாசிக்கும் பெண்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த உருபைத்தான் என்று நினைக்கிறேன். கணவனும் மனைவியுமாக ஒரு வண்டியில் பாலையைக் கடக்கும் கதைகள் பெருகிவிட்ட காலம் இது. அந்தக் கதைகளின் இலக்கணம் எங்கே உருவானது என்று பார்க்க, ஆஸ்திரேலியப் பாலையின் சில பெண்களை வரிசையாக வைத்து வாசிக்கிறேன்.

மணல்மேடு என்னும் வசைச்சொல்

'ஓடு'வில் தொற்றிக்கொண்டு போன அந்த மனைவியின் பெயர் கிரிசெல்டா ஸ்ப்ரிக். அந்தப் பயணம் முடிந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, கணவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2001இல் அவருடைய நினைவுக்குறிப்பு வெளிவந்தது. ராட் மக்லீன் என்பவரின் துணையோடு எழுதப்பட்ட அந்த நூலை அடிலெய்டிலுள்ள வேக்ஃபீல்ட் பிரஸ் வெளியிட்டது. பெயர் 'டியூன் இஸ் எ ஃபோர் லெட்டர் வேர்ட்'. ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல் என்றால் வாயில் வரக்கூடாத வசை. மணல்மேட்டைக் குறிக்கும் 'டியூன்' என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. மேடேறத் திணறும் வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் விட்ட வசையெல்லாம் அந்தத் தலைப்பில் இருக்கிறது.

இதே காலத்தில் இதே பாலைகளில் சாலை போட்டவர் லென் பீடெல். நில அளவையாளர். அவரும் தன் அனுபவங்களை வரிசையாக நூல்களாக எழுதினார். அவற்றில் ஒன்று, 1967இல் வந்தது, 'பிளாஸ்ட் தி புஷ்' என்று பெயர் கொண்டது. 'பிளாஸ்ட்' என்றால் வெடிப்பு. சலிப்பில் வாயிலிருந்து விழும் லேசான வசையும் அதுவே. இரண்டு தலைப்புகளும் ஒரே வகைச் சிலேடைகள். பாலையை வைது சிரிப்பது அந்த நாட்டு வெள்ளையர் எழுத்தில் ஒரு மரபு. தாகம், வண்டிப் பழுது, ஈ, வெக்கை ஆகிய எல்லாமே அங்கே சிரிப்பாகும். ஆனால் ஒரே சிரிப்பு இருவரிடமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பீடெலின் தலைப்பில் 'வெடிப்பு' வெறும் சிலேடை அல்ல. அவர் களம் அமைத்துக் கொடுத்தது அணுகுண்டுக்கு. அந்த வெடிப்பு எப்படி ஒரு நகைச்சுவைத் தலைப்புக்குள் அடங்கியது என்பதற்குப் பிறகு வருகிறேன். கிரிசெல்டாவின் சிரிப்பு வேறொன்றை மூடுகிறது. அது உழைப்பு.

சிம்ப்சனைக் கடப்பது இன்றும் சில நாள் வேலை. வழியில் எரிபொருள் கிடையாது, கடை கிடையாது. டயரின் காற்றைப் பாதியளவுக்கு இறக்கி, மேட்டின் அடிவாரத்தில் வேகம் கூட்டி, உச்சியில் ஒரு கணம் வானத்தை மட்டுமே பார்த்து, மறுபுறம் இறங்க வேண்டும். எதிர்ப்புறமிருந்து ஏறும் வண்டி தெரிவதற்காக உயர்ந்த கம்பத்தில் கொடி கட்டுவது இன்று கட்டாயம். பயணக் கதைகள் தங்கிப்போகும் இடம் இதுதான்: மேடு, வேகம், உச்சி. ஆனால் அந்த ஓட்டம் நடக்க வேண்டுமானால் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் வேறொரு பயணம் நடந்தாக வேண்டும். நான்கு பேருக்கு எத்தனை நாளுக்குத் தண்ணீர் என்ற கணக்கு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்ற கணக்கு. குளிர்ந்த இரவுக்கு என்ன போர்வை, பகலில் எதைச் சமைப்பது, எதைச் சமைக்காமல் உண்பது. கணவர் தேர்ந்தெடுத்த ஆபத்துக்குள் குழந்தைகளின் பாதுகாப்பைப் பொருத்திக் காட்டும் வேலை. எந்த வரைபடத்திலும் இதற்குக் கோடு கிடையாது.

ரெக் ஸ்ப்ரிக் சாதாரண ஆளல்ல. 1946இல் எடியாக்காரா மலைகளில் அவர் கண்டெடுத்த புதைபடிவங்கள் பூமியில் விலங்குயிர்களின் வரலாற்றை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளின. பின்னால், 2004இல், ஒரு புவியியல் காலத்துக்கே அந்த மலைகளின் பெயர் வைக்கப்பட்டது. எண்ணெய், எரிவாயுத் தேடலிலும் முன்னோடி. அவருக்குப் பாலை என்பது வேலைக்களம். கிரிசெல்டாவுக்கும் அது வேலைக்களம்தான். ஒருவருடைய வேலைக்கு ஆய்வு என்று பெயர் வந்தது, மற்றவருடையதற்குக் குடும்பம் என்று பெயர் வந்தது. இருவரும் பின்னாளில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் வடபகுதியில் ஆர்க்கரூலா என்ற வனவிலங்குக் காப்பிடத்தை உருவாக்கினார்கள்.

கிரிசெல்டாவைப் பின்தள்ளப்பட்டவர் என்று மட்டும் வாசிப்பது எளிது. அவரை மறைக்கப்பட்ட வீராங்கனை என்று தூக்கிப்பிடிப்பதும் அதே அளவு எளிது. இரண்டுமே எனக்குப் போதவில்லை. 'ஓடு'விலிருந்து ஒரு பெண் எழுந்து எழுவாய் ஆவதற்கு அவர் நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. எழுந்தபோது நகைச்சுவையை முகமூடியாக அணிய வேண்டியிருந்தது. வீட்டுக் கதை சொல்கிறேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்ற பாவனையில்தான் வீட்டு உழைப்பை அச்சில் ஏற்ற முடிந்தது. இதைக் கவனித்தால்தான் அவர் புத்தகத்தின் சிரிப்பு எவ்வளவு எச்சரிக்கையானது என்று தெரியும்.

மனைவி பெயரில் ஒரு சாலை

தென் ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் லாவர்ட்டன் வரை ஏறக்குறைய 1,325 கிலோமீட்டருக்கு ஒரு மண்தடம் ஓடுகிறது. ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கும் தம்பதிகள் ஆசையோடு தேர்ந்தெடுக்கும் வழிகளில் ஒன்று. டல்லாரிங்கா, மாமுங்காரி ஆகிய பாதுகாக்கப்பட்ட பூங்காக்களின் ஊடே போகிறது. பெயர் ஆன் பீடெல் நெடுஞ்சாலை. லென் பீடெல் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். மகள் கோனி சூ பெயரில் ஒரு சாலை உண்டு. மகன் கேரி பெயரில் ஒன்று. இளைய மகள் ஜாக்கி பெயரில் ஒரு சந்திப்பு. கோனி சூ சாலையை அமைக்கும்போது மனைவியும் கைக்குழந்தையான அந்த மகளும் உடன் போனார்கள். பாலைவனத்தின் வரைபடமே ஒரு குடும்ப ஆல்பம் போல இருக்கிறது.

மனைவி பெயரில் சாலை என்றதும் நெகிழத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சாலை எதற்காகத் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். அதன் முதல் பகுதி 1953இல் எமு ஃபீல்ட் என்ற இடத்துக்குப் போவதற்காக வெட்டப்பட்டது, லென் ஆனை மணப்பதற்கு முன்பே. அந்த ஆண்டு அக்டோபர் 15, 27 ஆகிய இரண்டு நாட்களில் பிரிட்டன் அங்கே இரண்டு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. முதல் குண்டின் நச்சுமேகம் வடகிழக்கே நகர்ந்து, தொல்குடி மக்கள் வாழ்ந்த இடங்கள் மீது கரும்புகையாகப் படிந்தது. கண் எரிந்தது, தோல் புண்ணானது, வாந்தி எடுத்தார்கள் என்று அங்கிருந்தவர்கள் பிறகு சாட்சியம் சொன்னார்கள். ஏற்க முடியாத அளவு நச்சு படியும் என்று முன்னரே தெரிந்த காற்று நிலையில்தான் அந்தக் குண்டு வெடிக்கப்பட்டது என்று 1985இல் அறிக்கை தந்த அரசு விசாரணை ஆணையம் முடிவுக்கு வந்தது.

இன்று அந்தச் சாலையில் போகும் தம்பதிகள் எமுவில் வண்டியை நிறுத்துகிறார்கள். குண்டு வெடித்த இடங்களில் தூண்கள் நிற்கின்றன. அங்கே படம் எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்கிறார்கள். ஒரு பெண்ணின் பெயரும் ஒரு குண்டின் தடமும் ஒரே கோட்டில் ஓடுகின்றன. ஆனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. யாரும் அவரிடம் கேட்டு அந்தக் குண்டை வெடிக்கவில்லை. ஆனால் அவர் பெயர் அந்தச் சாலைக்கு ஒரு வீட்டுத்தன்மையைக் கொடுத்துவிட்டது. இராணுவ ஏவலால் வந்த பாதை, மனைவி பெயர் பூண்டதும் குடும்பப் பாதையாகிவிட்டது. பெண்ணின் பெயரை அன்பின் அடையாளமாக வைக்கும்போதெல்லாம், அந்தப் பெயர் எதை மூடுகிறது என்ற கேள்வியும் வேண்டும்.

அதே சாலையின் கிழக்கு முனையான கூபர் பீடியில் வேறு பெண்கள் இருந்தார்கள். கூபா பீடி குங்கா ட்ஜூட்டா என்று தங்களை அழைத்துக்கொண்ட முதிய தொல்குடிப் பெண்கள். பெயருக்குக் கூபர் பீடியின் பல பெண்கள் என்று பொருள். கணவர் பெயரோ மனைவி பெயரோ அல்ல, 'பல பெண்கள்' என்பதே பெயர். 1998இல் ஆஸ்திரேலிய அரசு அந்த வட்டாரத்தில் அணுக்கழிவைப் புதைக்கத் திட்டமிட்டபோது இவர்கள் எதிர்த்தார்கள். 'இராட்டி வந்தி' என்றார்கள். விஷம், அதை விட்டுவிடு என்று பொருள். தங்கள் மொழியின் இரண்டு சொற்களையே இயக்கத்தின் பெயராக்கினார்கள். அரசியல்வாதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள், ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். எமுவின் புகையை அனுபவித்த தலைமுறை அது. விஷம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களில் ஐலீன் கம்பகுட்டா பிரவுன், ஐலீன் வானி விங்ஃபீல்ட் ஆகிய இருவருக்கும் 2003இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. 2004இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

சாலைக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு பெண், சாலை கொண்டுவந்த விஷத்தை நிறுத்தியவர்கள் வேறு பெண்கள். பெண் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு நிலைகளையும் போட்டுக் குலுக்கிவிட்டுப் பெண்களின் பாலைப் பயணம் என்று நாம் கொண்டாட முடியாது. வெள்ளைப் பெண்ணின் பெயர் வரைபடத்தில் ஏறிய அதே வேகத்தில், அந்த மண்ணின் பெண்கள் அறிந்திருந்த பெயர்கள் வரைபடத்துக்கு வெளியே போயின.

வண்டி இல்லாதவளும் வண்டியில் வந்தவரும்

'ஓடு'விலிருந்து தப்ப எளிய வழி தனியாகப் போவதுதானே என்று கேட்கலாம். ராபின் டேவிட்சன் அதைச் செய்தார். 1977இல் நான்கு ஒட்டகங்களோடும் ஒரு நாயோடும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் நடந்தார். 1980இல் வந்த 'டிராக்ஸ்' என்ற அவருடைய நூல் பல பெண்களுக்குப் பிரியமானது. ஆனால் அந்தத் தனிமைக்குள்ளும் ஒரு வண்டி வந்தது. பணத்துக்காக அவர் நேஷனல் ஜியோகிராபிக் இதழின் உதவியை ஏற்றிருந்தார். அந்த இதழுக்காகப் படமெடுக்க ரிக் ஸ்மோலன் என்ற புகைப்படக்காரர் அவ்வப்போது வண்டியில் வந்து சேர்ந்தார். இருவருக்கும் சிறிதுகாலம் நெருக்கமும் இருந்தது.

இந்த நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது நடையின் தூரம் அல்ல, அந்தக் கேமராவின் மீதான கோபம். தான் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றை இன்னொருவர் படமாக்கிக்கொண்டிருக்கிறார் என்ற கோபம். தன்னை 'ஒட்டகப் பெண்' என்ற சித்திரமாக மாற்றிவிட்டார்கள் என்ற கசப்பு. ஓட்டுநர் இருக்கையில் யார் என்பது ஒரு கேள்வி. அந்தப் பயணத்தைப் பார்க்கும் கண் யாருடையது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்வியை டேவிட்சன் வென்றார். இரண்டாவதை எழுத்தில்தான் ஓரளவு மீட்க முடிந்தது. 2013இல் இதே கதை திரைப்படமானபோது பெண் மீண்டும் கேமராவுக்கு முன்னால் நின்றாள்.

இன்று தம்பதிகள் வெளியிடும் பாலைப் பயணக் காணொளிகளில் இந்த இரண்டு வேலைகளும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்வதைப் பார்க்கிறேன். சமைக்கிறாள், கணக்கு வைக்கிறாள், கூடவே கேமராவையும் பிடிக்கிறாள், அல்லது அதன் முன்னால் புன்னகைக்கிறாள். மணலில் வண்டி சிக்கினால் இறங்கி மண்வாரியால் தோண்டுகிறாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாலையைப் பற்றி விளக்குவது பெரும்பாலும் கணவன். பெண்ணுக்கு வேலை கூடியிருக்கிறது, கூற்று கூடவில்லை.

காலியாக இல்லாத இடம்

ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாலையைக் கடப்பதற்கு நம் அக இலக்கணத்தில் உடன்போக்கு என்று பெயர். அந்தப் பாடல்களில் தலைவனும் தலைவியும் மட்டும் பேசுவதில்லை. செவிலி பேசுவாள், நற்றாய் பேசுவாள். வழியில் அவர்களைப் பார்த்தவர்களும் பேசுவார்கள். கண்டோர் கூற்று என்று அதற்கு ஒரு தனி இடமே உண்டு. போகிறவர்களை அந்த இடத்தில் இருப்பவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதும் அந்தப் பயணத்தின் பகுதி என்று அந்த மரபு கருதியது.

ஆஸ்திரேலியப் பாலைப் பயண நூல்களில் இல்லாதது இந்தக் கண்டோர் கூற்று. சிம்ப்சன் வெற்றிடமாகச் சொல்லப்பட்டது. 1929இல் அதை வானிலிருந்து பார்த்த செசில் மாடிகன், அடிலெய்டின் தொழிலதிபரான ஆல்ஃபிரட் ஆலன் சிம்ப்சன் பெயரை அதற்கு வைத்தார். அவருடைய குடும்பப் பெயரில்தான் பின்னாளில் ஆஸ்திரேலிய வீடுகளுக்குச் சலவை இயந்திரங்கள் வந்தன. அந்த மணலில் வாங்கங்குரு மக்கள் வாழ்ந்திருந்தார்கள். மேடுகளுக்கு இடையே ஆழமாகத் தோண்டிய 'மிகிரி' என்ற கிணறுகள்தான் அவர்களுடைய ஊர்கள். 1900ஐ ஒட்டிய காலத்தில்தான் அவர்கள் அங்கிருந்து வெளியேறினார்கள். 1936இல் டெட் கோல்சன் ஒட்டகங்களோடு கடந்தபோது உடன் போன பீட்டர் எய்ன்ஸ் ஒரு தொல்குடி மனிதர். அவரும் 'ஓடு'வில்தான் போனார். ஆகவே 'முதன்முதலாக' என்ற சொல்லையும் நாம் உருபைப் போலவே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். எந்த வண்டிக்கு முதல், யாருடைய கணக்கில் முதல்?

இங்கே இன்னொரு பெண்ணைக் கொண்டுவர விரும்புகிறேன். லூயிஸ் ஹெர்கஸ். 1926இல் ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருத அறிஞர். அழிந்துகொண்டிருந்த தொல்குடி மொழிகளைப் பதிவுசெய்ய ஒலிநாடாவோடு பாலைக்குப் போனார். கணவர் கிரகாமும் மகன் இயனும் பல பயணங்களில் உடன் போனார்கள். வெளியே நின்று பார்த்தால் இதுவும் ஸ்ப்ரிக் குடும்பம் போலத்தான்: கணவன், மனைவி, பிள்ளை, வண்டி, மணல். ஆனால் இங்கே 'ஓடு' இடம் மாறிவிட்டது. ஆய்வு மனைவியுடையது. அந்த ஆய்வின் இயல்பும் வேறு. பாலையில் பிறந்து வெளியேறிய மிக் மக்லீன் இரின்ஜிலி போன்ற முதியவர்கள் சொல்லச் சொல்ல, கிணறுகளின் பெயர்களையும் அவற்றின் கதைகளையும் அவர் எழுதிக்கொண்டார். மணல்மேடு அங்கே தடையாக இல்லை. இன்னின்ன கிணற்றுக்கு இன்னின்ன வழி என்று சொல்லும் முகவரியாக இருந்தது. அரபானா-வாங்கங்குரு மொழிக்கு 1994இல் அவர் எழுதிய இலக்கணம் வெளிவந்தது. நூற்றாண்டுத் தாமதத்தோடு வந்த கண்டோர் கூற்று என்று அந்தப் பதிவுகளை நான் வாசிக்கிறேன்.

ஹெர்கஸும் வெளியாள்தான், பல்கலைக்கழகத்தின் அதிகாரத்தோடு வந்தவர்தான். ஆனாலும் ஓட்டுநர் இருக்கைக்குப் பெண் வந்துவிட்டாள் என்பதோடு அவர் கதை முடியவில்லை. வண்டி எதற்காகப் போகிறது என்பதும் மாறியது. கடப்பதற்காகப் போன வண்டி, கேட்பதற்காகப் போய் நின்றது. பெண்ணியப் பார்வைக்கு இந்த இரண்டாவது மாற்றமே முக்கியம் என்று கருதுகிறேன். முதல் மாற்றம் மட்டும் போதுமென்றால், அணுகுண்டுச் சாலையைப் பெண் ஒருத்தி வெட்டியிருந்தால் நாம் கைதட்டியிருப்போம்.

2021இல் தென் ஆஸ்திரேலிய அரசு அந்தப் பாலையின் தன் பகுதியை முங்கா-திர்ரி சிம்ப்சன் பாலைவனத் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. ஏறக்குறைய 36 லட்சம் ஹெக்டேர், ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. முங்கா-திர்ரி என்றால் பெரிய மணல்மேட்டு நாடு. கோடைக்காலத்தில் அதைப் பூட்டிவிடுகிறார்கள். மார்ச் நடுவில் திறந்ததும் அனுமதிச் சீட்டும் கொடிக்கம்பமுமாகத் தம்பதிகள் கிளம்புகிறார்கள். பழைய பெயர் பலகையில் திரும்பி வந்திருப்பது நல்ல செய்தி. பெயருக்குப் பின்னால் ஆட்களும் திரும்பி வர வேண்டும். பயணிகள் எழுதும் கதைகளில் அவர்களுக்குப் பேச இடம் வேண்டும்.

அடுத்த முறை யாராவது மனைவியோடு ஒரு பாலையைக் கடந்த கதை உங்கள் கைக்கு வந்தால், மாணவிகளே, மூன்று இடங்களில் நிறுத்தி வாசியுங்கள். தண்ணீரை அளந்தது யார்? அந்த வழியில் வண்டிக்கு முன்னால் போனது எது, ஒட்டகமா, எண்ணெய் நிறுவனமா, குண்டா? மேட்டின் மீது கொடி ஏறி இறங்கியபோது அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார், அவர்களுக்கு அந்தக் கதையில் ஒரு வரியாவது இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் சொல்லாத நூலையும் ரசிக்கலாம், கிரிசெல்டாவின் தலைப்பைப் படித்து நானும் சிரித்தேன். ஆனால் பதில் இல்லாத இடத்தை ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எழுதப்படாமல் நிற்கும் நூல்கள் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன.